பிரயாணமும் காரியமும்

பொதுக் காரியத்தின் நிமித்தம் ஊர் ஊராய்ச் செல்வோர் பலர் ஒரு குறை கூறுவதுண்டு. பொழுதெல்லாம் பிரயாணத்திலேயே கழிந்துவிடுகிறது. படிப்பதற்கோ எழுதுவதற்கோ அவகாசமே கிடைப்பதில்லை என்பதே அக்குறை. ரயிலிலும் கப்பலிலும் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்த காந்தியடிகளின் சரித்திரத்தை நோக்குவோர்க்கு, இக்குறை எவ்வளவு தூரம் நியாயமானதென்பது விளங்கும்.

1896-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் டர்பனிலிருந்து ‘பொங்கோலா’ என்னும் கப்பலேறிக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். மனைவி மக்களை அழைத்து வருவதும், நேட்டால் இந்தியரின் குறைகளைத் தாய்நாட்டாருக்கு எடுத்துரைப்பதும் அவருடைய நோக்கங்கள். கடலில் கழிந்தவை 24 நாட்கள். நேட்டாலில் உழைத்த தமிழரோடு நெருங்கிப் பழகத் தமிழறிவு அவசியமென உணர்ந்திருந்த அவர், கப்பல் வைத்தியர் அளித்த தமிழ்ப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொண்டு, ஆசிரியர் உதவியின்றித் தாமே தமிழ் கற்கலானார். மேல்தளப் பிரயாணிகளுள் ஒரு முன்ஷியைத் தேடிப் பிடித்து உருதுவும் பயின்றார்.

கல்கத்தாவிலிருந்து ரயிலேறியவர், அலகாபாத்தில் வண்டி 45 நிமிஷம் நிற்குமென அறிந்து, மருந்து வாங்க ஊருக்குள் சென்றார். திரும்புமுன் வண்டி போய்விட்டது. வண்டி தவறியதென வருந்தி ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திராமல், அவர் அவ்வூரில் நடைபெற்றுவந்த ‘பயனீர்’ பத்திரிகையின் ஆசிரியரைச் சென்று கண்டார். தாம் எழுதப்போவதைக் கவனிப்பதாக அவரிடம் வாக்குறுதியும் பெற்றார். பின்னர் ராஜ்கோட்டில் எழுதி வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தைப் பற்றி முதலில் எழுதியது அப்பத்திரிகையே. அச்செய்தி தந்தி மூலம் சுருங்கித் திரிந்து நேட்டாலை எட்டியது. அதனால் மூண்ட ஆத்திரத்தில், 1897 ஜனவரியில் டர்பனில் இறங்கிய அவரை வெள்ளையர் கூட்டம் தாக்கிற்று. வண்டி தவறிய ஒரு பகற்பொழுது, தென்னாப்பிரிக்க இந்தியரின் வழக்கை உலகறியச் செய்ததோடு, அவருடைய உயிருக்கே ஆபத்தையும் விளைவித்தது.

1904-ல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையின் பொருள் நெருக்கடியைத் தீர்க்க ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறினார். வழியனுப்ப வந்த நண்பர் போலக், ரஸ்கின் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலொன்றைக் கையில் கொடுத்தார். 24 மணி நேரப் பிரயாணத்தில் அதனைப் படித்து முடித்த காந்தியடிகள், அதன்படி வாழவும் உறுதி கொண்டார். அவ்வாண்டிலேயே டர்பனுக்கு 14 மைல் தொலைவில் பீனிக்ஸ் ஆசிரமம் தோன்றியது. அச்சுக்கூடமும் அங்கே பெயர்ந்தது.

இவை யாவற்றினும் அரியது 1909-ம் ஆண்டுக் கப்பல் யாத்திரை. டிரான்ஸ்வால் இந்தியருக்கு நீதி கோரி லண்டன் சென்றவர், ஏறத்தாழ நான்கு மாதங்கள் மன்றாடியும் வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது. தோல்வியுற்றுத் திரும்பும் மனிதனுக்குச் சோர்வு மேலிடுவது இயல்பு. அவரோ ‘கில்டோனன் காஸில்’ கப்பலில், நவம்பர் 13 முதல் 22 வரையுள்ள பத்தே நாட்களில், கப்பல் காகிதங்களிலேயே ‘ஹிந்த் ஸ்வராஜ்’ என்னும் நூலைக் குஜராத்தியில் எழுதி முடித்தார். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். சுமார் 275 பக்கங்களுள் 40 பக்கங்கள் இடக்கையால் எழுதப்பட்டவை. டால்ஸ்டாய் இந்தியர் ஒருவருக்கு வரைந்த கடிதத்தையும் அதே யாத்திரையில் மொழிபெயர்த்தார். மந்திரிகளின் மனத்தை மாற்ற இயலாத அப்பிரயாணம் ஒரு நூலைத் தந்தது. 1910 மார்ச்சில் பம்பாய் அரசாங்கம் அந்நூலைத் தடை செய்ததிலிருந்தே அதன் வலிமை புலனாகும்.

இவ்வளவும் அவருக்கு எங்ஙனம் கைகூடின? வண்டியில் ஏறுமுன்பே அவருடைய உள்ளத்தில் ஒரு காரியம் காத்திருந்தது. தமிழ் கற்க வேண்டுமென்ற எண்ணம் நேட்டாலிலேயே உதித்தது. புத்தகம் கப்பலில் கிடைத்தது. சுயராஜ்யத்தைப் பற்றிய வாதங்கள் லண்டனிலேயே நடந்தன. எழுதும் ஓய்வு கடலில் வாய்த்தது. காண வருவோரும் அழைப்போரும் இல்லாத அந்நாட்களை அவர் களைப்பாறும் காலமாக மட்டும் கருதவில்லை.

தேசத் தொண்டில் ஈடுபட்டு ஊர் சுற்றும் அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக. புறப்படுமுன் மூட்டையில் ஒரு புத்தகத்தையும், முடிக்க வேண்டிய ஒரு வேலையையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்களாயின், சென்ற காரியம் பலியாவிடினும் வழிப்பொழுது வீணாகாது.