பறவைகளை வானொலிக்குக் கொண்டுவந்த சலீம் அலி

1987 யூன் 20 ஆம் திகதி பம்பாயில் சலீம் அலி காலமானார். வயது 90. அந்த யூன் மாதத்தை யாழ்ப்பாணத்தில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். மே 26 இல் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியிருந்தது. யூன் 4 இல் இந்திய விமானங்கள் குடாநாட்டின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டுச் சென்றன. அந்த நேரத்தில் ஒரு பறவை ஆய்வாளரின் மரணச் செய்தியைத் தேடி வாசிக்க இங்கு யாருக்கு மனம் இருந்திருக்கும்? நான் அவரை அறிந்ததும் பல ஆண்டுகள் கழித்துத்தான். தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியில் நிற்கும் பறவைகளின் பெயர்களைத் தேடப் புறப்பட்டால், எந்த வழியால் போனாலும் கடைசியில் அவருடைய புத்தகத்தில்தான் போய் முட்டவேண்டியிருந்தது.

சலீம் அலி 1896 நவம்பர் 12 ஆம் திகதி பம்பாயில் ஒரு பெரிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். மாமன் அமிருதீன் தயாப்ஜி வளர்த்தார். மாமன் வேட்டைக்காரர், மருமகனுக்கும் அதே ஆசை. காற்றுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவிகளைச் சுட்டுத் திரிந்த பையன் ஒருநாள் விழுத்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. இதைத் தின்னலாமா, கூடாதா என்ற சந்தேகத்தோடு மாமனிடம் கொண்டுபோனான். மாமனுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் பையனை அனுப்பிவைத்தார். அந்த வெள்ளைக்காரர் அவனை விரட்டவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அதன்பிறகு பையன் வேறு பாதைக்குத் திரும்பவில்லை.

ஆனால் வாழ்க்கை அவ்வளவு இலகுவாக அமையவில்லை. பர்மாவில் குடும்பத்தின் சுரங்க, மர வியாபாரத்தைப் பார்க்கப் போனார், அது படுத்துவிட்டது. 1918 இல் தெஹ்மினாவை மணந்தார். முறையான பல்கலைக்கழகப் பட்டம் கையில் இல்லாததால் அரச விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்வையாளருக்கு விளக்கம் சொல்லும் வேலை 1926 இல் கிடைத்தது. விடுப்பு எடுத்து பேர்ளினுக்குப் போய், எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற ஜேர்மன் அறிஞரிடம் பயின்றார். 1930 இல் திரும்பி வந்தபோது, காசில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருப்பது எப்படி என்று நம்மில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் மனைவி வழி வீடொன்றில் அவர்கள் குடியேறினார்கள். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நாட்கணக்காக உட்கார்ந்து அவற்றைப் பார்த்தார். ஆண்குருவிதான் கூட்டைப் பின்னுகிறது. பாதி முடிந்ததும் பெண்குருவிகள் வந்து உள்ளே நுழைந்து பரிசோதிக்கின்றன. ஒருத்திக்குப் பிடித்தால் அங்கே தங்குகிறாள். ஆண் மிச்சத்தை முடித்துக்கொடுத்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொருத்தியை எதிர்பார்க்கிறது. பிடிக்காவிட்டால் அந்தக் கூடு பாதியிலேயே தொங்கும். நம் பனைகளிலும் அப்படி அரைகுறையாகத் தொங்கும் கூடுகளைப் பார்த்திருக்கிறோம். காற்றில் பிய்ந்தவை என்றே பலர் நினைப்பதுண்டு. செல்லடியில் தலையிழந்தும் பதுங்குகுழிக்காகத் தறிக்கப்பட்டும் எத்தனை ஆயிரம் பனைகள் போயின. அவற்றோடு எத்தனை கூடுகள் போயிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. 1931 இல் வெளிவந்த அந்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது.

பிறகு சுதேச சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: பயணச் செலவையும் முகாம் செலவையும் மட்டும் தாருங்கள், சம்பளமில்லாமல் உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன். ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று காடுகாடாக அலைந்தார். தெஹ்மினா கூடவே போனார். 1939 இல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அவர் மறுமணம் செய்யவில்லை; சகோதரி வீட்டில் இருந்துகொண்டு இன்னும் 48 ஆண்டுகள் வேலை செய்தார்.

1941 இல் வந்த ‘இந்தியப் பறவைகள்’ புத்தகம் சிறையிலிருந்த நேருவின் கைக்கும், அவர் மூலம் இந்திரா காந்தியின் கைக்கும் போனது. ஆனால் சாதாரண மக்களை அவர் சென்றடைந்த இன்னொரு வழி வானொலி. 1940களின் தொடக்கத்திலிருந்து 1980கள் வரை அகில இந்திய வானொலியில் அவர் பேசினார். வலசை, கூடுகள், பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவும் பறவைகள், சரணாலயங்கள் என்று பல விடயங்கள். படமில்லாமல் குரலை மட்டும் வைத்து ஒரு பறவையைக் கேட்பவர் மனதில் பறக்கவிடுவது சுலபமான வேலை அல்ல. மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நமக்கு, குரல் மட்டும் என்ன செய்யும் என்பது தெரியும்.

மனிதர் முசுடு, கண்டிப்பானவர். மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950 இல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் சைக்கிளைக் கப்பலில் கொண்டுபோய், ஐரோப்பாவில் ஓட்டித் திரிந்தார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று அங்கே சிலர் நம்பிவிட்டார்களாம்.

நமக்கு அவர் நெருங்கிவருவது கோடிக்கரையில். காங்கேசன்துறையிலிருந்து கடல்வழியே 60 கிலோமீற்றருக்கும் குறைவு. 1959 இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய்ச் சங்கம் பறவைகளைப் பிடித்துக் காலில் இலக்கமிட்ட வளையம் போட்டு விடும் வேலையைப் பெருமளவில் தொடங்கியது. கோடிக்கரை அதன் முக்கிய நிலையங்களில் ஒன்றானது; 1967 இல் அது சரணாலயமாகியது. வடக்கே இருந்து வரும் உள்ளான்களுக்குத் தெற்கே இலங்கைதான் கடைசித் தரை. எஸ். டிலன் றிப்ளியோடு சேர்ந்து 1968 முதல் 1974 வரை அவர் வெளியிட்ட 10 தொகுதிகளின் தலைப்பிலேயே சிலோனும் இருந்தது. நம்மவர் படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் கடந்த அதே கடலைத்தான் அந்தப் பறவைகளும் கடந்தன.

அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட எனக்கு விருப்பமில்லை. காரணம், சுண்டிக்குளம். 1938 இல் பறவைச் சரணாலயமான அந்த இடம் 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. போருக்குப் பின் மீளக்குடியேறிய இடங்களில், தாங்கள் விதைத்த காணியும் மாடு மேய்த்த தரவையும் காட்டுக்கும் வனவிலங்குக்கும் என்று எல்லையிடப்பட்டதாக மக்கள் முறையிடுவதை வடக்கில் எங்கும் கேட்கலாம். பறவை வேண்டுமா, மக்கள் வேண்டுமா என்பதுபோல அந்தப் பேச்சு போகிறது.

இதே கேள்வி சலீம் அலியின் வாழ்க்கையிலும் வந்தது. ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலத்தை வயல்களாக்கிவிடாமல் நேருவிடம் பேசிக் காப்பாற்றியவர்களில் அவர் முதன்மையானவர். 1982 இல் அது தேசியப் பூங்காவானபோது, எருமைகள் உள்ளே மேயக்கூடாது என்று தடை வந்தது. அவரும் அதை ஆதரித்தார். தலைமுறைகளாக அங்கே மேய்த்துவந்த கிராமத்தவர் எதிர்த்தார்கள். பொலிஸ் சுட்டது, உயிர்கள் போயின.

அவர் தொடக்கிவைத்த ஆய்வு மட்டும் நிற்கவில்லை. பம்பாய்ச் சங்கத்தினர் 1980 முதல் பத்து ஆண்டுகள் அந்த நீர்நிலையை அளந்துகொண்டிருந்தார்கள். எருமைகள் போனதும் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து தண்ணீரை மூடியது. வாத்துகளுக்கு நீந்த இடமில்லை. மேய்ச்சல்தான் அந்தக் குளத்தைத் திறந்து வைத்திருந்தது என்று அவர்களே எழுதினார்கள். முடிவு அறிக்கை வெளிவந்தபோது அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பரத்பூர்க் கிராமத்தவர் அரிவாளோடு உள்ளே போய்ப் புல் வெட்டி எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்டார்கள்.