சேன் கிரே

சேன் கிரே (ஜனவரி 31, 1872 – அக்டோபர் 23, 1939) ஓர் அமெரிக்கப் புதின எழுத்தாளர் ஆவார். அமெரிக்க மேற்குப் பகுதியின் குதிரை வீரர்களையும் பாலைநிலத்தையும் களமாகக் கொண்ட கதைகளால் இவர் பெரும்புகழ் பெற்றார். ஆழ்கடல் தூண்டில் மீன்பிடிப்பு ஒரு விளையாட்டாக உருவான காலத்தில் அதன் முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் விளங்கினார். யாரும் கோலும் ரீலும் கொண்டு மீன்பிடித்திராத வெப்பமண்டலக் கடல்களைத் தேடி, சொந்தக் கப்பலில் பயணங்களைத் திட்டமிட்டுச் சென்றவர் இவர். எழுத்தில் ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதி இப்பயணங்களில் கரைந்தது.

இளமை

ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், தாயின் முன்னோர் நிறுவிய சேன்சுவில் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பேர்ள் சேன் கிரே. பேர்ள் என்பது பெரும்பாலும் பெண்களுக்கு வைக்கப்படும் பெயர் என்பதால் பிற்காலத்தில் அதை விட்டுவிட்டார். தந்தை பல் மருத்துவர், மிகக் கண்டிப்பானவர். சிறுவன் எழுதிய முதல் கதையை அவர் கிழித்தெறிந்தார். மகன் மீன்பிடிக்கச் சுற்றுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. எழுத்து, தூண்டில் ஆகிய இரண்டும் வீட்டில் தடுக்கப்பட்டவையாக இருந்ததையும், பின்னர் அவ்விரண்டையுமே கிரே தம் வாழ்வாக்கிக் கொண்டதையும் இங்கு நோக்கலாம்.

பேஸ்பால் ஆட்டத்திறனால் கிடைத்த உதவித்தொகையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று, 1896 இல் பட்டம் பெற்றார். நியூயார்க் நகரில் மருத்துவமனை நடத்தினாலும் மனம் அதில் ஒட்டவில்லை. விடுமுறை நாட்களில் தம்பி ரோமருடன் டெலவேர் ஆற்றுக்குச் சென்றுவிடுவார். அந்த ஆற்றைப் பற்றி எழுதிய கட்டுரையே 1902 இல் அச்சேறிய இவருடைய முதல் எழுத்து. 1900 இல் அதே ஆற்றங்கரையில் சந்தித்த லினா எலிஸ் ராத் என்பவரை 1905 இல் மணந்தார். டாலி என்று அழைக்கப்பட்ட இவருக்குக் கிடைத்த குடும்பச் சொத்தைக் கொண்டே, கிரே பல் மருத்துவத்தைக் கைவிட்டு லாக்கவாக்சன் என்னும் சிற்றூரில் முழுநேர எழுத்தாளரானார்.

டாலியின் பங்கு

1912 இல் வெளிவந்த «ரைடர்ஸ் ஆஃப் த பர்ப்பிள் சேஜ்» புதினம் கிரேயை நாடறிந்தவராக்கியது. அதன் பின்னர் பல ஆண்டுகள் இவருடைய நூல்கள் அதிகம் விற்கும் முதல் பத்து நூல்களுள் இடம்பெற்றன. இவருடைய கதைகளைத் தழுவி நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் எடுக்கப்பட்டன.

கையெழுத்துப் படிகளைத் திருத்தியது, பதிப்பாளர்களிடம் பேரம் பேசியது, ஒப்பந்தம் முடித்தது, மூன்று குழந்தைகளை வளர்த்தது ஆகிய அனைத்தும் டாலியின் பணிகள். வருமானத்தை இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். கிரே ஆண்டில் பல மாதங்கள் வீட்டில் இருப்பதில்லை. கடும் மனச்சோர்வு அவரை அடிக்கடி வாட்டியது. கடற்பயணமே அதற்கு மருந்து என்று நம்பினார். பயணங்களில் செயலாளர்கள் என்ற பெயரில் இளம்பெண்களும் உடன் சென்றனர். அவர்களுள் சிலருடன் கிரேக்கு இருந்த காதல் உறவுகளை டாலி அறிந்திருந்தார். இருந்தும் மணவாழ்வு முறியவில்லை. அடுத்த பயணத்துக்கான பணத்தை ஏற்பாடு செய்ததும் டாலியே.

கடலுக்கு வந்த கதை

புளோரிடாவின் லாங் கீ முகாமிலும் கலிபோர்னியாவை அடுத்த கேட்டலினா தீவிலும் கிரே கடல் தூண்டிலைக் கற்றார். கேட்டலினாவின் சூரைமீன் கழகத்தில் கடுமையான விதிகள் இருந்தன: மீனைக் கோலும் ரீலும் கொண்டு, பிறர் கைபடாமல், ஒருவரே போராடிப் பிடிக்க வேண்டும். 1920 இல் கிரே 418 பவுண்டு (190 கிலோ) எடையுள்ள வாள்மீனைப் பிடித்துப் பெருமை கொண்டார். அடுத்த ஆண்டே ஒரு பெண்மணி 426 பவுண்டு வாள்மீனைப் பிடித்தார். பிறர் உதவியின்றி அவரால் அது இயன்றிருக்காது என்று கிரே பேச, கழகம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. மன்னிப்புக் கேட்ட கிரே கழகத்தை விட்டும் விலகினார். இந்தச் சிறுமை அவருடைய வரலாற்றில் மறைக்கக்கூடியது அன்று. எட்டாத பெருமீன் மீது அவருக்கு இருந்த வேட்கையின் மறுபக்கம் இது.

«பிஷர்மேன்» கப்பல்

1924 இல் கனடாவின் நோவா ஸ்கோசியாவில் 758 பவுண்டு (344 கிலோ) நீலத்துடுப்புச் சூரையைப் பிடித்து உலக சாதனை படைத்தார். அதே பயணத்தில் 190 அடி நீளமுள்ள மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றை வாங்கி, அதற்குப் «பிஷர்மேன்» என்று பெயரிட்டார்.

இன்று வெப்பமண்டல நாடொன்றுக்கு மீன்பிடிக்கச் செல்பவர் வாடகைப் படகையும் கருவிகளையும் அங்கேயே பெறலாம். 1925 இல் பசிபிக் தீவுகளில் அவ்வாறு எதுவும் இல்லை. எனவே எல்லாவற்றையும் உடன் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. பெரிய கப்பல் தங்குமிடமாகவும் கிடங்காகவும் பயன்பட்டது. மீன்பிடிப்பு அதிலிருந்து இறக்கப்படும் சிறு மோட்டார் படகுகளில் நடந்தது. கப்பலில் இயந்திரம், மின்விளக்கு, ஒளிப்படங்களைக் கழுவும் இருட்டறை ஆகியவை அமைக்கப்பட்டன. தூண்டில் நூல் அக்காலத்தில் லினனால் ஆனது. நைலானைப் போலன்றி அது உப்புநீரில் மக்கிவிடும். எனவே ஒவ்வொரு மாலையும் நன்னீரில் அலசி உலர்த்த வேண்டும். நன்னீர் குறைவாக உள்ள தீவுகளில் இதுவே பெரும் சிக்கல்.

1925 சனவரியில் பனாமாவில் குழுவினர் கப்பலேறினர். கோகோஸ் தீவு, கலாபகசுத் தீவுகள், மெக்சிக்கோவின் சிகுவாட்டனேகோ, கபோ சான் லூக்காஸ் எனப் பயணம் நீண்டது. கோகோஸ் தீவில் தூண்டிலில் சிக்கிய மீன்களைப் படகை எட்டும் முன்பே சுறாக்கள் தின்றுவிட்டன. மெக்சிக்கோக் கரையில் மயில்மீனும் மார்லினும் கிடைத்தன. மேல்தாடை ஈட்டிபோல் நீண்ட மார்லின், மயில்மீனின் இனத்தது. ஆனால் அதைவிடப் பன்மடங்கு பெரிதாக வளரக்கூடியது.

நியூசிலாந்து

அந்நாட்டு அரசின் அழைப்பின் பேரில் 1926 இல் நியூசிலாந்தின் தீவுகள் விரிகுடாவுக்குச் சென்றார். அங்கு இவருடன் சென்ற கேப்டன் லாரி மிட்செல் 976 பவுண்டு (443 கிலோ) கருமார்லினைப் பிடித்தது உலக சாதனையாயிற்று. கோலுக்கு அடியில் ரீலைப் பொருத்துவது, மூன்று கிளைகள் கொண்ட முள்ளைப் பயன்படுத்துவது போன்ற உள்ளூர் முறைகளைக் கிரே வெளிப்படையாகக் குறைகூறினார். ஓடும் படகின் பின்னால் முள்ளில்லாத மரப் பொம்மைகளை இழுத்து மீனை மேலே வரவழைக்கும் தம் முறையையும் செய்து காட்டினார். விருந்தாளி வந்த இடத்தில் பாடம் நடத்துவதா என்று செய்தித்தாள்களில் கண்டனங்கள் எழுந்தன. எனினும் அந்த விரிகுடா தூண்டிலாளர்களிடையே உலகறிந்த இடமானது இவருடைய எழுத்தால்தான்.

தாகித்தி, 1930

நியூசிலாந்து செல்லும் வழியில் பார்த்தபோது தாகித்தியின் தலைநகர் பப்பீட்டே இவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அக்கடலில் மாபெரும் மீன்கள் உண்டு என்ற நம்பிக்கை 1928 இல் மீண்டும் அங்கே இழுத்தது. தீவின் தென்பகுதியில் வைராவோ என்னும் இடத்தில் முகாம் அமைத்தார். அது பொருத்தமான தேர்வு. தாகித்தி எரிமலைத் தீவு ஆதலால், பவளப்பாறை வாயிலைக் கடந்த சிறிது தொலைவிலேயே ஆழ்கடல் தொடங்கிவிடும். பெருமீன்களைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

1,000 பவுண்டைத் தாண்டிய மீனை அதுவரை எவரும் கோலும் ரீலும் கொண்டு பிடித்ததில்லை. மீனே அகப்படாத பல வாரங்கள் கடந்தன. 1930 மே 16 அன்று மிகப் பெரிய மார்லின் ஒன்று கிரேயின் தூண்டிலில் சிக்கியது. பல மணி நேரப் போராட்டத்துக்குப் பின் அது படகை நெருங்கியபோது சுறாக்கள் பாய்ந்து வாற்பகுதியின் சதையைக் கடித்துச் சென்றன. எஞ்சிய உடல் 14 அடி 2 அங்குல நீளமும் 1,040 பவுண்டு (472 கிலோ) எடையும் இருந்தது. ஏறத்தாழ 200 பவுண்டு சதையைச் சுறாக்கள் தின்றிருக்கும் என்று கிரே கணித்தார். சிதைந்த மீன் சாதனையாக ஏற்கப்படுவதில்லை என்பது தூண்டிலாளர்களின் விதி. கேட்டலினாவில் கிரே கற்ற ஒழுங்கும் அவ்வகையானதே. ஆகவே வாழ்நாள் முழுதும் தேடிய மீன் கிடைத்தும் சாதனை கணக்கில் சேரவில்லை. எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் «கடலும் கிழவனும்» புதினம் இதற்கு 22 ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது.

1953 இல் பெரு நாட்டின் கபோ பிளாங்கோவில் பிடிக்கப்பட்ட 1,560 பவுண்டு (708 கிலோ) கருமார்லின் பின்னர் உலக சாதனையாக ஏற்கப்பட்டது.

கடனும் இறுதிக்காலமும்

1930களின் தொடக்கத்தில் உலகைச் சுற்றிவரும் நோக்கத்துடன் மேலும் பெரிய கப்பலொன்றை வாங்கி, «பிஷர்மேன் II» எனப் பெயரிட்டார். இது தவறான கணக்கு. பொருளாதாரப் பெருமந்தத்தால் இதழ்கள் கதைகளுக்குத் தந்த தொகை சரிந்துகொண்டிருந்த வேளையில் எரிபொருளும் பழுதுபார்ப்பும் பணத்தை விழுங்கின. பயணம் பாதியில் நின்றது. கடன்காரர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வீட்டில் இருந்த டாலியின் மீது விழுந்தது.

1936 இல் ஆஸ்திரேலியா சென்று, சிட்னிக்கு அப்பால் 1,036 பவுண்டு (470 கிலோ) புலிச்சுறாவைப் பிடித்தார். பெரும் பவளத்திட்டில் உள்ள ஹேமன் தீவில் எடுக்கப்பட்ட «ஒயிட் டெத்» திரைப்படத்தில் சேன் கிரேயாகவே நடித்தார். அத்தீவுக்கு வடக்கே கெய்ன்சு நகரை ஒட்டிய கடலில் 1966 இல் 1,064 பவுண்டு மார்லின் அகப்பட்ட பின்னரே அப்பகுதி பெருமீன்களுக்குப் புகழ்பெற்றது.

1937 இல் ஓரிகன் மாநிலத்தின் அம்ப்குவா ஆற்றில் மீன்பிடித்துக் கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. ஓரளவு தேறியபோதும், 1939 அக்டோபர் 23 அன்று கலிபோர்னியாவின் அல்டடீனாவில் மாரடைப்பால் காலமானார். வெளிவராத கையெழுத்துப் படிகள் பல எஞ்சியிருந்தன. அவற்றை டாலி தொடர்ந்து பதிப்பித்தார். 1957 இல் அவரும் காலமானார். லாக்கவாக்சன் வீடு அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக உள்ளது. அல்டடீனா வீடு 2025 சனவரியில் ஏற்பட்ட ஈட்டன் காட்டுத்தீயில் எரிந்துபோனது.