மூன்று மணி நேரம் கதை சொன்ன டிஸ்னி

1934ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, ஹாலிவுட்டில் தம் ஓவியர்களை அழைத்த வால்ட் டிஸ்னி, ஆளுக்கு 50 காசு கொடுத்து, இரவு உணவை முடித்துவிட்டுத் திரும்பி வரச் சொன்னார். வந்தவர்களை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்காரவைத்து, 'ஸ்னோ ஒயிட்' கதையைத் தனியாளாக நடித்துக் காட்டினார். பொல்லாத அரசியும் அவரே, ஏழு குள்ளர்களும் அவரே. ஏறத்தாழ மூன்று மணி நேரம் அது நீடித்தது. ஒரு படத்தின் கருவை அதன் முதல் பார்வையாளர்கள் முன் வைத்துப் பார்த்த இரவு அது.

1901ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி சிகாகோவில் பிறந்தவர் டிஸ்னி. கன்சாஸ் சிட்டியில் அவர் தொடங்கிய நிறுவனம் நொடித்துப்போனது. 1923ல் ஹாலிவுட் சென்று, அண்ணன் ராயுடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார். 1928ல் மிக்கி மவுஸ் அவருக்குப் புகழ் தேடித்தந்தது. ஆனால் அதுவரை அவர் எடுத்தவை எல்லாம் சில நிமிடங்களே ஓடும் உயிரோவியங்கள்.

முழுநீளப் படம் என்றதும் அண்ணனும் மனைவி லில்லியனும் தடுத்துப் பார்த்தனர். திரைத்துறையினர் அதை டிஸ்னியின் முட்டாள்தனம் என்று கேலி செய்தனர். தோற்றால் நிறுவனமே மூழ்கியிருக்கும்.

டிஸ்னி பின்வாங்கவில்லை. ஆனால் கருத்துக் கேட்பதை நிறுத்தவும் இல்லை. காட்சிகளைச் சிறு ஓவியங்களாகச் சுவர்ப்பலகையில் குத்திவைத்து, எல்லாரும் பார்த்துப் பேசும்படி செய்தார். படத்தில் சேரும் ஒவ்வொரு நகைச்சுவைத் துணுக்குக்கும் ஊழியர்களுக்கு 5 டாலர் தந்தார். வண்ணம் தீட்டுமுன்பே பென்சில் வரைபடங்களைப் படமாக்கி, சிறிய அறையில் போட்டுப் பார்த்துக் குறை தேடினார்.

குள்ளர்கள் சத்தம் போட்டுச் சூப் குடிக்கும் காட்சியை வார்ட் கிம்பல் என்ற இளம் ஓவியர் மாதக்கணக்கில் வரைந்திருந்தார். சிரிப்பூட்டும் காட்சிதான், ஆனால் கதையின் ஓட்டத்தைத் தடுத்ததால் டிஸ்னி அதை நீக்கிவிட்டார். மனமுடைந்த கிம்பலுக்கு, அடுத்து 'பினோக்கியோ' படத்தின் ஜிமினி கிரிக்கெட் பாத்திரத்தை உருவாக்கும் பொறுப்பைக் கொடுத்தார்.

இதைப் படித்தபோது எங்கள் குறும்படம் நினைவுக்கு வந்தது. அட்டைப்பெட்டி சேகரிக்கும் முதியவர் ஒருவரின் கதை. சோகக் கதையை யார் பார்ப்பார்கள் என்று வகுப்பில் சிலர் கேட்டதும், கதையையே மாற்றிவிடலாம் என்றனர் குழுவில் இருவர். நான் ஏழு பேரிடம் தனித்தனியாக, நேரில் கதையைச் சொன்னேன். கதை பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் அவர்கள் கண் கைப்பேசிக்குப் போகிறது என்று மட்டும் கவனித்தேன். ஐந்து பேருக்கு அது ஒரே இடம்: நீளமான தொடக்கக் காட்சி. அதை வெட்டினோம். முதியவர் கதையில் இருக்கிறார்.

டிஸ்னியையும் ஒரு கருத்து உறுத்தியது. படத்தை ஊழியர்களுக்குப் போட்டுக் காட்டி, பெயர் எழுதத் தேவையில்லாத படிவம் கொடுத்தார்கள். குறும்படங்களோடு நின்றுகொள்ளும்படி ஒருவர் எழுதியிருந்தார். எழுதியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. டிஸ்னிக்கு அது வலித்தது. ஆனாலும் படம் நிற்கவில்லை.

சுமார் 1.5 மில்லியன் டாலர் செலவில் உருவான படம், 1937 டிசம்பர் 21ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 1939ல் டிஸ்னிக்கு ஒரு பெரிய ஆஸ்கர் சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் சிறப்பு விருதாகக் கிடைத்தன. 1966 டிசம்பர் 15ஆம் தேதி அவர் காலமானார்.

ஒரு காட்சி சலிப்பூட்டுகிறது என்று பார்ப்பவர் சொன்னால், பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும்; வெட்டத் தயங்க வேண்டாம். இந்தக் கதையே வேண்டாம் என்றால், அதை முடிவுசெய்ய வேண்டியவர் கதையைச் சுமப்பவர். இந்த இரண்டையும் பிரித்தறிந்தவர் டிஸ்னி. அடுத்த குறும்படத்துக்குக் கருத்துக் கேட்கப் போகும் நண்பர்களே, படிவத்தை அனுப்புமுன் ஒருவரையாவது எதிரே உட்காரவைத்துக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.