ஐன்ஸ்டைன் எந்நாட்டுப் பிரசை?

விரிவுரை மண்டபத்தில் வினாத் தொடுத்துப் பழகிய நா எளிதில் அடங்குவதில்லை. அல்பேர்ட் ஐன்ஸ்டைன் பற்றி வாசகர்களிடமும் சிலவற்றைக் கேட்கின்றேன். 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு சார்புக் கொள்கைக்காகவா அவருக்குக் கிடைத்தது? இல்லை, ஒளிமின் விளைவை விளக்கியமைக்கே. பாடசாலையில் கணிதத்தில் தோற்றவரா? வெறுங்கதை. அணுகுண்டைச் செய்தவரா? அதுவுமன்று. 1939இல் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் கையொப்பமிட்டார். ஆயினும் அமெரிக்க இராணுவம் அவரை நம்பத்தகாதவரெனக் கருதி அப்பணியிலிருந்து ஒதுக்கியே வைத்தது.

இனி, அதிகம் கேட்கப்படாத வினா: அவர் எந்நாட்டுப் பிரசை?

1879 மார்ச் 14இல் ஜேர்மனியின் ஊல்ம் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர், இராணுவ மிடுக்கை வெறுத்து, 1896இல் பதினாறாம் வயதிலேயே பிரசாவுரிமையைத் துறந்தார். அடுத்த ஐந்தாண்டுகள் நாடற்றவர். சூரிச்சில் மாணவராயிருந்தபோது, மாதச் செலவுக்குக் கிடைத்த 100 பிராங்கில் 20 பிராங்கைச் சுவிஸ் பிரசாவுரிமைக் கட்டணத்துக்கென ஒதுக்கி வந்தார். அந்த 20 பிராங்கின் கனத்தை நம்மிற் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. 1901இல் உரிமை கிடைத்தது. உடனே படைச்சேவைக்கான பரிசோதனையும் வந்தது. தட்டைப் பாதங்கள் அவரைக் காப்பாற்றின!

பேர்ண் நகர ஆக்கவுரிமை அலுவலகத்தில் எழுதுவினைஞர்போல் அமர்ந்திருந்தே 1905இல் பௌதிகவியலைப் புரட்டிப்போட்டார். 1914இல் பேர்லின் அழைத்தது. அங்கு பெற்ற பதவியோடு ஜேர்மன் பிரசாவுரிமையும் மீண்டும் வந்து ஒட்டிக்கொண்டது.

அவரது நம்பிக்கை யாது? இளமையில் ஆழ்ந்த பக்தி. பன்னிரண்டு வயதளவில் அறிவியல் நூல்கள் அதனைக் கலைத்தன. பின்னர் ஸ்பினோசா கண்ட, இயற்கையின் ஒழுங்கிலே வெளிப்படும் இறைவனையே ஏற்றார். வேண்டுதலுக்கு இரங்கும் கடவுளை ஏற்றாரல்லர். நாத்திகரென அழைக்கப்படுவதையும் விரும்பினாரல்லர்.

மாறியது வேறொரு நம்பிக்கை. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சியேறியபோது அவர் அமெரிக்காவில் இருந்தார். மார்ச்சில் பெல்ஜியம் வந்திறங்கி, பிரசெல்சில் ஜேர்மன் கடவுச்சீட்டை ஒப்படைத்தார். படைச்சேவையை மறுக்குமாறு இளைஞரைத் தூண்டியவர், அவ்வாண்டிலேயே, தாம் பெல்ஜியராயின் படையிற் சேரத் தயங்கமாட்டார் என எழுதினார். அமைதிவாதத் தோழர்கள் கொதித்தெழுந்தனர். கொள்கையைக் கைவிட்டாரா, காலத்தைக் கண்டுகொண்டாரா? கொலையை அவர் இறுதிவரை வெறுத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குமேல், இவ்வினாவுக்குப் புள்ளியிடும் துணிவு, ஊர்விட்டு வந்த எனக்கு இன்றில்லை.

பிரின்ஸ்டனிற் குடியேறியபின், ஐரோப்பாவில் அகப்பட்ட யூதர்களுக்காகப் பொறுப்புப் பத்திரங்களிற் சலியாது கையொப்பமிட்டார். 1940இல் அமெரிக்கப் பிரசையானார். சுவிஸ் உரிமையை விடவில்லை. ஜேர்மனிக்கு மட்டும் திரும்பவேயில்லை. 1955 ஏப்ரல் 18இல் இறந்தார். சாம்பல், வெளியிற் சொல்லப்படாத ஓரிடத்தில் தூவப்பட்டது.