மொலோக்காய் தீவின் பங்குத் தந்தை

பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய் தீவுகள் அக்காலத்தில் தனி அரசாக இருந்தன. அங்கே தொழுநோய் பரவவே, நோயுற்றோரைப் பிரித்து வைக்கும் சட்டம் 1865-இல் இயற்றப்பட்டது. மறு ஆண்டு முதல் அவர்கள் மொலோக்காய் தீவின் வடகரைக்கு அனுப்பப்பட்டனர். மூன்று புறமும் கடல், நான்காம் புறம் செங்குத்தான மலைச்சுவர். அங்கே கலாவாவோ என்ற கடலோரக் குடியிருப்பில் அவர்கள் மரணத்தை எதிர்நோக்கி வாழ்ந்தனர். தக்க மருத்துவமோ, வீடோ, நல்ல குடிநீரோ இல்லை.

1873 மே 10 அன்று அந்தக் கரையில் இறங்கினார் 33 வயதான டேமியன். பெல்ஜியம் நாட்டில் ட்ரெமெலோ கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஹவாய்க்கு வரவிருந்தவர் உண்மையில் அவருடைய அண்ணன்; அவர் நோய்வாய்ப்படவே, தம்பி தாமாக முன்வந்தார். 1864-இல் ஹொனலுலுவில் குருப்பட்டம் பெற்று, ஒன்பது ஆண்டுகள் ஹவாய் பெருந்தீவில் பணியாற்றினார். அங்கே சிற்றாலயங்களைத் தம் கையாலேயே கட்டிப் பழகிய தச்சுத் தொழில் பின்னாளில் பெரிதும் உதவியது.

கலாவாவோவில் தொடக்க நாட்களில் அவர் உறங்கியது கல்லறைத் தோட்டத்து அருகில் ஒரு தாழை மரத்தடியில். முந்தைய ஆண்டு கட்டப்பட்ட சிறு மர ஆலயம் ஒன்று அங்கே இருந்தது. அதை அவர் விரிவுபடுத்தினார். ஆனால் ஆலயப் புதுப்பித்தல் என்பது அவரைப் பொறுத்தவரை சுவரையும் கூரையையும் சார்ந்தது மட்டுமன்று. நோய் முற்றியவர்களுக்கு அடிக்கடி உமிழ வேண்டியிருக்கும். அந்த வெட்கத்தால் வழிபாட்டுக்கு வரவே தயங்கினர். டேமியன் இருக்கைகளுக்கு அருகே தரைப்பலகையில் சிறு சதுரத் துளைகளை வெட்டினார். இலையைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே அவர்கள் உமிழலாம். இறைவனின் சந்நிதிக்கு வருவதற்கு உடல் ஒரு தடையாக இருக்கலாகாது என்பதைப் பலர் நூல்களாக எழுதியிருக்கிறார்கள். இவர் ரம்பத்தை எடுத்து அதைச் செய்தார்.

புண்களின் நாற்றம் தாங்காமல் முதலில் அவரும் திணறினார். அதைச் சமாளிக்கப் புகைக்குழாய் பிடித்தார். ஆயினும் நோயாளிகளைத் தொட்டார், புண்ணுக்குக் கட்டுப்போட்டார், அவர்களோடு உண்டார். மறையுரையில் அவர்களை வேறாக்கி அழைக்காமல், தொழுநோயாளிகளாகிய நாம் என்று தம்மையும் சேர்த்தே பேசினார். ஹவாய் மொழியிலும் தமிழைப் போலவே நாம், நாங்கள் என்ற வேறுபாடு உண்டு. நோய் அவரைத் தொடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வந்த முதல் ஆண்டிலேயே, அவர் இப்படிப் பேசத் தொடங்கிவிட்டார் என்பது சிந்திக்கத்தக்கது. ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வதைப் பயிலும் நம் அன்பர்களுக்கு இதன் ஆழம் எளிதில் விளங்கும்.

குழாய் பதித்துக் குடிநீர் கொணர்ந்தார்; வீடுகள் கட்டினார்; அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார்; பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் உருவாக்கினார். சவப்பெட்டி செய்தவரும் அவரே, குழி தோண்டியவரும் அவரே. தனிமைதான் அவரை மிகவும் வாட்டியது. வந்த ஆண்டிலேயே ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தார். கரையிறங்க அவருக்கு அனுமதியில்லை, கப்பலில் ஏற டேமியனுக்கும் அனுமதியில்லை. படகில் நின்றபடியே, மேலே நின்றவரிடம் உரத்த குரலில் தம் பாவங்களை அறிக்கையிட்டார் டேமியன்.

அவர் குறையற்றவர் அல்லர். பிடிவாதமும் முன்கோபமும் உண்டு. மேலதிகாரிகளோடும் சுகாதாரத் துறையோடும் ஓயாமல் மோதினார். 1884 இறுதியில் கொதிநீரில் கால் வைத்தபோது சுடவில்லை. நோய் வந்துவிட்டதென அறிந்தார். பணியை நிறுத்தவில்லை. 1886-இல் ஜோசப் டட்டனும், 1888-இல் அருட்சகோதரி மேரியான் கோப்பும் துணைக்கு வந்தனர். 1889 ஏப்ரல் 15 அன்று, 49-ஆம் வயதில் உயிர்நீத்தார். அவர் கலாவாவோவுக்கு வந்த அதே 1873-இல்தான் நார்வேயில் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். குணமாக்கும் மருந்து வர வெகுகாலம் ஆயிற்று. பிரித்து வைக்கும் முறை ஹவாயில் 1969-இல்தான் முடிவுக்கு வந்தது.

அவர் மறைந்ததும் ஹொனலுலுவைச் சேர்ந்த மதகுரு ஹைட் அவரை இழித்து எழுதினார். டேமியன் மறைந்த சில வாரங்களிலேயே மொலோக்காய் சென்று நேரில் கண்டிருந்த எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1890-இல் கடுமையான மறுப்பை வெளியிட்டார். டேமியனின் குறைகளை மறைக்காமலேயே அவருடைய பெருமையை நிலைநாட்டினார். 2009-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அவரை முதலில் அடக்கம் செய்தது அதே தாழை மரத்தடியில்தான். 1936-இல் அவருடைய உடல் பெல்ஜியத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. தீவு மக்கள் மிகவும் வருந்தினர். 1995-இல் அவருடைய வலக்கை மட்டும் திரும்பி வந்து, கலாவாவோவின் அந்தப் பழைய கல்லறையில் வைக்கப்பட்டது.