முறையீட்டை ஆயுதமாக்கியவர்

நுழையும்முன்

வாக்குரிமை என்பதையே மக்கள் அறியாத காலம் அது. எங்கோ ஒரு சிற்றூரில் வரி செலுத்த இயலாமல் வதைபடும் உழவரின் குரல், கடல் கடந்து இலண்டனை எட்டுவது எங்ஙனம்? இவ்வினாவிற்குத் தம் பொதுவாழ்வால் விடைகண்டவர் சென்னை மாகாணத்தின் முதல் அரசியல் தலைவராகப் போற்றப்படும் கஜுலு இலட்சுமிநரசு செட்டி ஆவார்.

வணிகமும் இதழும்

இலட்சுமிநரசு 1806ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். துணி, அவுரி வணிகத்தில் சிறந்து விளங்கிய குடும்பம் அவருடையது. தாமும் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய அவர், அப்பொருளைப் பொதுப்பணிக்குச் செலவிட முனைந்தார். மக்களின் குறைகள் ஆட்சியாளரின் காதில் விழவேண்டுமாயின், அவர்களது மொழியிலேயே பேசவேண்டும் என்று உணர்ந்தார். எனவே, 1844இல் 'கிரசென்ட்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார்.

சங்கம் கண்ட தலைவர்

தனிமனிதர் விடுக்கும் முறையீடு எளிதில் புறக்கணிக்கப்படும். பலர் கூடி விடுப்பதை அவ்வாறு ஒதுக்க இயலாது. இதனை நன்கறிந்த இலட்சுமிநரசு, 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தோற்றுவித்தார். கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆட்சியுரிமையை நாடாளுமன்றம் மறுஆய்வு செய்யவிருந்த வேளை அது. கடுமையான வரி, நீதிமன்றங்களின் காலத்தாழ்வும் பெருஞ்செலவும், சாலை, பாசன வசதிகளின் குறைபாடு ஆகியவற்றை எடுத்துரைக்கும் விண்ணப்பத்தைச் சங்கம் இலண்டனுக்கு அனுப்பியது. எனினும், 1853இல் கும்பெனியின் ஆட்சி பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது.

சான்றானது துயரம்

இலட்சுமிநரசு சோர்ந்துவிடவில்லை. எழுத்தை நம்பாதவர்களுக்கு நேரிலேயே காட்டத் துணிந்தார். பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853இல் சென்னைக்கு வந்தபோது, அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்றார். வரி தண்டுவதற்காக உழவர்கள் வதைக்கப்பட்டதை அவர் நேரில் அறியச் செய்தார். விரல்களைக் கோல்களுக்கிடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி', கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தவாறே நிற்கவைத்தல் முதலியன அக்கால வதைமுறைகளுள் சில.

1854இல் இச்செய்தி நாடாளுமன்றத்தில் ஒலித்தது. அதன் விளைவாகச் சென்னையில் மூவர் கொண்ட வதை விசாரணை ஆணையம் அமைந்தது. அதனிடம் குவிந்த முறையீடுகள் 1,959. வதைகள் நிகழ்ந்தது உண்மையே என்று 1855இல் வெளியான ஆணைய அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆயினும், கீழ்நிலை இந்திய அலுவலர்கள் மீதே பழியைச் சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒருவரிடமே குவிந்திருந்ததே இக்கொடுமைக்கு வாய்ப்பளித்தது. 1859ஆம் ஆண்டுச் சென்னைக் காவல் சட்டம் காவல்துறையைத் தனியாகப் பிரித்தது.

இறுதிக்காலம்

யாருடைய ஆட்சியின் குறைகளை அவர் இடைவிடாது சுட்டிக்காட்டினாரோ, அவ்வாட்சியினரே 1863இல் அவரைச் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமித்தனர். செல்வத்தைப் பொதுப்பணிக்கே ஈந்த அப்பெருவணிகர், 1868இல் வறியவராக மறைந்தார். அவருக்குப்பின் சங்கமும் ஒளிகுன்றியது. எனினும், கூடிப்பேசுதல், சான்று திரட்டுதல், முறையிடுதல் என அவர் வகுத்த நெறி மறையவில்லை. 1884இல் தோன்றிய சென்னை மகாஜன சபை அந்நெறியிலேயே நடையிட்டது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் பொதுக்குறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தக்க சான்றுகளைத் திரட்டி, உரிய அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.