மரங்களை ஒப்பிடக் கற்றுத் தந்தவர்

உரமிட்ட கன்று ஓங்கி வளர்கிறது. இடாத கன்று குட்டையாக நிற்கிறது. காரணம் உரமா, மண்ணா? இக்கேள்விக்கு முறையாக விடைகாண வழிவகுத்தவர் ரொனால்டு ஃபிஷர்.

1890-இல் லண்டனில் பிறந்த அவர், 1919-இல் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியேற்றார். 1843 முதல் அங்கே சேர்ந்திருந்த கோதுமை விளைச்சல் பதிவுகளை ஆராய்ந்தார். நிலத்துக்கு நிலம் இயல்பாகவே விளைச்சல் வேறுபடும். அதைவிடப் பெரிதாகத் தெரியும் வேறுபாட்டையே உரத்தின் பயனாகக் கொள்ளலாம். அதற்கு, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வோர் உரத்தையும் பல பாத்திகளில் சோதிக்க வேண்டும். அவருடைய மாறுபாட்டுப் பகுப்பாய்வு இந்த அடிப்படையில் எழுந்தது.

1929-இல் வேல்ஸ் நாட்டின் பெட்கெலர்ட் மலைச்சரிவில், ஐந்து வகை மரங்கள் அவரது லத்தீன் சதுர முறையில் நடப்பட்டன. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் ஒருமுறை மட்டுமே இடம்பெற்றது. எனவே, நல்ல இடம் எந்த வகைக்கும் தனிச்சலுகையாக அமையவில்லை.

மனிதர்களைப் பாத்திகளைப்போலக் குலுக்கிப் பிரிக்க இயலாது. அதையே காட்டி, புகைப்பழக்கம் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பதை 1950-களில் ஃபிஷர் ஏற்க மறுத்தார். புகையிலை நிறுவனங்களின் ஆலோசகராகவும் இருந்தார். பலதிசைச் சான்றுகள் அவரைத் தவறென்று காட்டின. 1962-இல் அடிலெய்டில் மறைந்தார்.

ஒரு திட்டத்தின் வெற்றியை அறிவிக்கும் அரசு, அத்திட்டம் எட்டாத ஊர்கள் அதே காலத்தில் எவ்வளவு வளர்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அவர் விட்டுச்சென்ற பாடம் அதுவே. அவரது பிடிவாதமும் ஒரு பாடமே.